அண்டாவில் வெட்டிய பெயர்

வியாபாரத்துக்குச் சமூக ஊடகம் தேவையா, அதனால் பலன் உண்டா என்று யாராவது பேச்செடுத்தால், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. அது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நீளமான பதில், வழியில் என் மானம் போகும் இடங்களும் நிறைய. இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் கணவர் சொல்வார். அவர் சொல்லும்போது என் குரலை வேறு நடித்துக் காட்டுவார்.

சிம்மக்கல்லில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்தபோது கடையை மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் கூட இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காது. சீர் என்றால் பாத்திரம் இருக்கும், பாத்திரம் என்றால் அதில் பெயர் இருக்கும். யார் கொடுத்தது, எந்த விசேஷம், எந்த ஊர் என்று கழுத்தோரமாக வெட்டித் தராவிட்டால் அந்த அண்டாவை வாங்கியவர் வீட்டுக்கே தூக்கிப் போகமாட்டார். அதற்காகவே கடை வாசலில் பெயர் வெட்டும் மெஷின் ஒன்று நாள் முழுக்கக் கிர்ர் என்று கத்திக்கொண்டிருக்கும்.

மாமனாருக்கு ஒரு பழக்கம். பெயர் வெட்டிய பாத்திரம் எதுவாக இருந்தாலும், வாங்கியவர் வந்து எடுத்துப் போகும்வரை பெயர் சுவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவிடுவார். ஒரே குடும்பத்து ஆட்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், ஒருவரை மாடிக்கு அனுப்பிக் காபி வாங்கிக் கொடுப்பார். "எங்க மச்சான் என்ன எடுத்தாருண்ணே?" என்று கீழே இருப்பவர் கேட்டால், "அவரு வந்தாரா? நான் கவனிக்கலையேப்பா" என்பார். மச்சான் அந்த நேரம் தலைக்கு மேலே காபியை ஆற்றிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் பார்த்து நான் என்ன நினைத்தேன்? கடையில் டிஸ்ப்ளே சரியில்லை என்று நினைத்தேன். (எம்.காம். படித்த புள்ள வேற என்னத்த நினைக்கும்?)

அப்போது வியாபாரம் கொஞ்சம் மந்தம். சனம் குக்கரைக்கூடப் போனிலேயே வாங்க ஆரம்பித்திருந்தது. நான் ஆன்லைனில் ஒரு மார்க்கெட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். கழுத்தில் மைக் மாட்டிய ஒரு தம்பி, "பொருளைக் காட்டாதீங்க, பொருளுக்குப் பின்னாடி இருக்குற மனுசங்களைக் காட்டுங்க" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னார். கொடுத்த ஃபீஸுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் என் மண்டையில் தங்கியது. அதுவும் தங்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடை பெயரில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். முதல் வீடியோவில் எவர்சில்வர் குடம் ஒன்றைச் சுழற்றி எடுத்தேன். குடத்தைவிட, குடத்தில் தெரிந்த என் மூக்குதான் பெரிதாக விழுந்தது. அடுத்த வீடியோவில் பளபளக்கும் தாம்பாளம். அதில் பின்னால் நின்று தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் பனியனோடு தெளிவாகத் தெரிந்தார். அதற்குத்தான் கொஞ்சம் லைக் விழுந்தது. எல்லாம் சொந்தக்காரர்கள். அதிலும் பாதிப் பேர், "மாப்ள இளைச்சுட்டாரே" என்று எழுதியிருந்தார்கள்.

ஒரே ஒரு நிஜமான வாடிக்கையாளர் கிடைத்தார். துபாயில் இருக்கும் ஒருவர் இட்லிப் பானை பற்றி விதவிதமாக விசாரித்தார். நானும் மூடியைத் திறந்து, மூடி, தட்டிச் சத்தம் காட்டி வீடியோ அனுப்பினேன். கடைசியில், "எங்க அம்மா வந்து வாங்கிக்குவாங்க" என்றார். அம்மா வந்தார். மாமனார் எழுந்து நின்று, "வாங்கக்கா, போன வாரம் வாங்குன சம்படம் நல்லாருக்கா?" என்றார். பக்கத்துத் தெருக்காரர். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் கடையில் வாங்குகிறவர்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ரகம் இல்லை.

ஒரு நாள் மாமனார் சாப்பிடப் போயிருந்த நேரம், மெஷினில் ஒரு பெரிய பித்தளை அண்டாவுக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பித்தளையில் ஒவ்வொரு எழுத்தாகப் புறப்பட்டு வருவது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. போனைக் கிட்டத்தில் வைத்து எடுத்தேன். அது போதாதென்று வேட்டியை விலக்கி, சுவரைப் பார்த்திருந்த பாத்திரங்களை எல்லாம் கேமராவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். இப்போதுதான் கடை கடையாக இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. பொருளுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைக் காட்ட வேண்டுமே? அண்டாவின் கழுத்தில் அந்த மனிதரே இருந்தார்: "செல்வி மகள் காதணி விழா, தாய்மாமன் வீரணன் சீர், அலங்காநல்லூர்."

கீழே நான் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. "மாமன்னா இப்படி இருக்கணும்! உங்க மாமா இப்படிச் செய்வாரா?"

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. யார் யாரோ பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். கண்ணீர் விடும் பொம்மைகளைப் போட்டுத் தங்கள் மாமாக்களைத் திட்டினார்கள். மாமனாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். எழுத்து எதுவும் தெரியவில்லை. மெஷின் மட்டும் தெரிந்தது. "அட, நம்ம மெஷினு!" என்று சத்தத்தைக் கூட்டி வைத்து எதிர்க்கடை, பக்கத்துக்கடை எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். (இந்தப் பகுதியை மாமனார் கதை சொல்லும்போது விட்டுவிடுவார்.)

மறுநாள் காலையில் கடை திறந்ததும் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார். எங்கள் கடைக்குள் யாரும் அப்படி நுழைந்து நான் பார்த்ததில்லை. அண்டாவில் பெயர் இருந்த வீரணனின் தம்பி, சின்னப்பாண்டி.

"அண்ணே, எங்கய்யா காலத்துல இருந்து உங்க கடைதான். ஒரு வார்த்தை வெளிய போனதில்ல. இன்னைக்கு எம் பொண்டாட்டி கஞ்சி காய்ச்சிக்கிட்டே எங்கண்ணன் சீரைப் போன்ல பாக்குறா. 'நீங்க இப்படிச் செய்வீங்களா'ன்னு என்னையக் கேக்குறா. என்னண்ணே இது?"

மாமனார் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வீடியோவை மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று எனக்கே புரிந்தது.

விஷயம் இதுதான். செல்விக்கு இரண்டு அண்ணன்கள். அவள் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் இரண்டு பேர் இருந்தாலும் மடி ஒன்றுதான். மூத்தவர் என்பதால் வீரணனுக்கு மடி. அதற்கு ஈடாக, சீர் இரண்டு பேருடையதும் ஒன்றுபோல இருக்க வேண்டும், யாரும் கூடுதலாகச் செய்யக் கூடாது என்று கோயிலில் வைத்துப் பேசி முடித்திருந்தார்கள். மூத்தவர் அந்தப் பேச்சை மீறி, யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய அண்டாவைச் சேர்த்திருந்தார். அந்த அண்டாவைத்தான் நான் உலகத்துக்குக் காட்டியிருந்தேன்.

"மடியும் அவருக்கு, பெரிய சீரும் அவருக்குன்னா நான் எதுக்குண்ணே? காதுகுத்துக்கு நான் வரல. செல்விட்ட சொல்லிருங்க" என்றார் சின்னப்பாண்டி. கோபமாகச் சொன்னாலும் கண் கலங்கியிருந்தது.

ஒரு மாமன் வராத காதுகுத்து என்றால் ஊரே ஆயுசுக்கும் பேசும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய ஒரே ஆள் நான். நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, உங்களுக்கும் ஒரு வீடியோ போட்டுருவோமா?"

கணவர் பக்கத்தில் இருந்த தூணுக்குப் பின்னால் போய்விட்டார். சின்னப்பாண்டி என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார்: "அதவிடப் பெரிய அண்டா இருக்கா?"

இருந்தது. அன்று மாலையே அண்டாவும் வெளியேறியது, வீடியோவும் வெளியேறியது. மறுநாள் வீரணன் வந்தார். "தம்பி ஆசைப்பட்டுச் செய்யுறான், செய்யட்டும். எனக்கு அந்தக் குத்துவிளக்கு ஜோடி, ஆள் உசரம் இருக்குமே, அதை எடுங்க. படம் புடிக்கிற புள்ள இருக்கா?" என்றார். அதற்கு அடுத்த நாள் சின்னப்பாண்டி பித்தளைக் குடங்களை வரிசை கட்டி வாங்கினார். வீடியோவுக்குக் கீழே சொந்தக்காரர்கள் பெரிய மாமா கட்சி, சின்ன மாமா கட்சி என்று பிரிந்து ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்தார்கள். சிங்கப்பூரில் இருந்து ஒரு சித்தப்பா, 'தம்பி, விட்டுராத' என்று எழுதினார்.

நான் மிதந்துகொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமனாரிடம், "பாத்தீங்களா மாமா, வியாபாரம் எப்படிப் போகுதுன்னு?" என்று கேட்டேன்.

"போகுதும்மா" என்றார். "அம்புட்டும் ஒரே வீட்டுக்குத்தான் போகுது."

கை கழுவ எழுந்து போனார். எனக்கு அப்போது அது பாராட்டு மாதிரித்தான் கேட்டது. பிறகு கணவர்தான் சொன்னார். வீரணன் அந்த அண்டாவை வாங்கிய அன்றைக்கே, மாமனார் அதே அளவில் இன்னொரு அண்டாவைப் படிக்கட்டுக்குக் கீழே எடுத்து வைத்திருந்தாராம். சின்னப்பாண்டி தன் சீரை எடுக்க வரும்போது, "இதையும் ஒண்ணு வச்சுக்கப்பா, பாக்க எடுப்பா இருக்கும்" என்று தள்ளிவிடுவதாக இருந்தாராம். காதுகுத்தன்று இரண்டு அண்டாவும் ஒரே உயரத்தில் போய் இறங்கியிருக்கும். அது சமாதானமா, வியாபாரமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

காதுகுத்து நெருங்கிய நேரத்தில் செல்வி வந்தார். இடுப்பில் பிள்ளை. காலில் பஸ் ஸ்டாண்டில் இருந்து நடந்து வந்த புழுதி. அண்ணன்கள் மாதிரிச் சத்தம் போடவில்லை. நேரே என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"நீங்கதான வீடியோ எடுக்குறது?"

"ஆமாக்கா" என்றேன். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, முடியை வேறு சரிசெய்துகொண்டேன்.

"எங்க அண்ணனுக ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு புள்ளைக. நாளைக்கு அதுகளுக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம்னு வரும். இவுக எனக்கு எம்புட்டுச் செய்யுறாகளோ அம்புட்டையும் நான் திருப்பிச் செய்யணும்ல? எங்க வீட்டுக்காரரு மினி பஸ் ஓட்டுறாரு. வீடியோவப் பாத்ததுல இருந்து எங்க மாமியா எங்கூடப் பேசல. 'ஒங்க அண்ணனுக நம்மள ஆண்டியாக்கிட்டுத்தான் போவாக'ன்னு ஒரு வார்த்தை சொன்னாக. அதோட சரி."

நான் எம்.காம். வகுப்பில் படித்ததையும், மைக் மாட்டிய தம்பி சொன்னதையும் மனதுக்குள் புரட்டினேன். திருப்பிச் செய்யும் சீருக்கு எதிலும் ஒரு பாடம் இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். சீர் என்பது வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டியது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வீடியோ ஓடும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணனுகள்ட்ட சொல்லிட்டேன்" என்றார் செல்வி. "ஆளுக்கு ஒரு பழத்தட்டு, புள்ளைக்கு ஒரு பாவாடை. அம்புட்டுத்தான். மேல ஒரு டம்ளர் வந்தாலும், மாமன் மடியே வேணாம்னு எங்க வீட்டுக்காரரு மடியில வச்சுக் குத்திருவேன்." சொல்லி முடித்துவிட்டு அழுதார். இடுப்பில் இருந்த பிள்ளையும் சேர்ந்து அழுதது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழ எனக்கு என்ன தகுதி என்று அடக்கிக்கொண்டேன்.

அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பி இருவரையும் ஒன்றுசேர்த்த பெருமை எனக்கு உண்டு. இரண்டு பேரும் ஒரே மினி லாரியில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். பின்னால் அண்டாக்கள், குடங்கள், ஆள் உயரக் குத்துவிளக்குகள், முதலில் பேசிய சீரின் எவர்சில்வர் தட்டு, டம்ளர், சம்படம் எல்லாம். கோபம் முழுக்க இப்போது எங்கள் மேல்.

"தங்கச்சி வேணாங்குது. நாங்க என்ன பண்ண?" என்றார் வீரணன்.

பெயர் வெட்டிய பாத்திரத்தை உலகத்தில் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. வேறு யாருக்கு விற்பது? எங்கள் கடையிலும் அதற்கு ஒரு போர்டு தொங்கும். மாமனார் அந்த போர்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, "எறக்கி வைங்கப்பா" என்றார். "நம்ம வீட்டுப் புள்ள பண்ணுனது. உங்களுக்கு எதுக்கு நட்டம்?"

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மாடிக்குப் போய், சம்படங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு அவமானமாக இருந்தது என்றால், கீழே கிர்ர் என்று மெஷின் சத்தம் கேட்டபோது என் பெயரைத்தான் எதிலோ வெட்டுகிறார்கள் என்று தோன்றியது. மாமனார் கணவரிடம் மட்டும், "அந்தப் போனை அவகிட்ட இருந்து கொஞ்ச நாளைக்கு வாங்கி வையிடா" என்று சொன்னாராம். கணவர் என்னிடம் கேட்கப் பயந்து, சார்ஜரை ஒளித்து வைத்தார்.

காதுகுத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். போவதைவிடப் போகாமல் இருப்பதுதான் அசிங்கம் என்று மாமனார் கூட்டிப் போனார். மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அக்கா, போனைக் குடுத்துட்டு உள்ள போங்க" என்றாள். கொடுத்தேன். உள்ளே செல்வியின் மகள் வீரணன் மடியில் உட்கார்ந்திருந்தாள். சின்னப்பாண்டி எதிரில் குத்தவைத்து, பிள்ளை உதைக்காமல் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டிருந்தார். பாத்திரம் என்று பார்த்தால் இரண்டு பழத்தட்டுதான். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். என் இலையில் மட்டும் இரண்டு தடவை கறி வைத்து, "நல்லாச் சாப்பிடுங்க தங்கச்சி" என்றார் வீரணன். அதில் கோபம் இருந்ததா என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பி வந்த பாத்திரங்களில் பெரிய பித்தளைகளைப் பழைய பித்தளை என்று எடைக்குப் போட்டோம். மற்றவற்றில் பெயரைத் தேய்த்து எடுக்கப் பார்த்தோம். எவர்சில்வரில் பெயர் போகவில்லை, பாத்திரம்தான் மெலிந்தது. தூக்கி எறிய மாமியாருக்கு மனசில்லை. குடம், சம்படம், தட்டு, டம்ளர் எல்லாம் எங்கள் வீட்டு அடுப்படிக்கே வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து நாங்கள் தண்ணீர் குடிப்பது 'தாய்மாமன் வீரணன் சீரில்', ரசம் குடிப்பது 'தாய்மாமன் சின்னப்பாண்டி சீரில்'. வந்த விருந்தாளிகள், "இந்த வீரணன் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்பார்கள். கணவர் உடனே என் குரலில், "அண்ணே, உங்களுக்கும் ஒரு வீடியோ போட்டுருவோமா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

பிறகு எங்களுக்கு மகள் பிறந்தாள். யாழினி. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது பாடப் புத்தகத்தில் இல்லை, பால் டம்ளரில். தா, தாய், தாய்மா என்று கூட்டிக் கூட்டி ஒரு நாள் முழுதாக, "தாய்மாமன் சின்னப்பாண்டி" என்று வாசித்தபோது எல்லோரும் கை தட்டினோம். எனக்கு ஒரே தம்பி, செந்தில். கோயம்புத்தூரில் வேலை. அவன் பெயர் எங்கள் வீட்டில் எந்த டம்ளரிலும் இல்லை.

யாழினிக்கு ஐந்து வயதில் காதுகுத்து வைத்தோம். அலங்காநல்லூர் வீட்டுக்கு மாமனாரே நேரில் போய் அழைத்தார். அண்ணன் தம்பி இருவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். செந்தில் பட்டு வேட்டி கட்டி, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைச் சரிசெய்துகொண்டான்.

ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் மடியில உக்காரு தாயி" என்றார்.

யாழினி செந்திலைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "சின்னப்பாண்டி யாரு?" என்று உரக்கக் கேட்டாள்.

சின்னப்பாண்டி பதறிப்போய் எழுந்து நின்றார். அவள் நேரே போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்கதான என் தாய்மாமா? டம்ளர்ல போட்டுருக்கு" என்றாள். மண்டபமே சிரித்தது. வீரணன் தம்பியின் தோளைப் பிடித்து அழுத்தி, "உக்காருடா. இன்னைக்கு ஒனக்குத்தான் மடி" என்றார். செந்தில் மணையில் பாதியை விட்டுக்கொடுத்துத் தள்ளி உட்கார்ந்தான். சின்னப்பாண்டி என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளைவிட அதிகமாக அழுதார். கால்களை என் தம்பி பிடித்துக்கொண்டான்.

அந்தக் கால் பிடித்த கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் முடிவதில்லை. செந்தில் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால், தண்ணீர் கொடுத்தவுடன் குடிக்கமாட்டான். டம்ளரைத் திருப்பி யார் பெயர் என்று பார்த்துவிட்டு, "எம் பேரு இல்லையேக்கா" என்று, தண்ணீரை ஊற்றச் சொல்லிக் கையைக் குழித்து நீட்டுகிறான்.